விருந்துக்கு வரும் பெரிய பிள்ளைக்குப் பொழுது போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சொந்தக்காரர்களைச் சாப்பிட அழைக்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கைக்குழந்தை வருகிறதென்றால் தூளி கட்டுகிறோம். நாலு வயசுக் குழந்தை வருகிறதென்றால் உடையும் சாமான்களை மேலே எடுத்து வைக்கிறோம். 10 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு மட்டும் எந்த ஏற்பாடும் இருப்பதில்லை. இது அந்த வயதுக்காக எழுதியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம்.

"12 வயசாச்சு, பெரிய பையன். அவனுக்குன்னு தனியா என்ன ஏற்பாடு பண்ணணும்?"

பெரியவர்கள் பேச்சு அவனுக்கு ஒட்டாது, சின்னக் குழந்தைகளின் விளையாட்டும் ஒட்டாது. பதினொரு மணிக்கு வந்து ஐந்து மணிக்குக் கிளம்பும் குடும்பம் என்றால் ஆறு மணி நேரம். சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் போனாலும் மீதி ஐந்தேகால் மணி நேரம் அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வீடும் அவனுடையதல்ல. எந்த அலமாரியைத் திறக்கலாம், டிவி ரிமோட்டைத் தொடலாமா என்பதுகூடத் தெரியாது. அதனால்தான் சோபா ஓரத்தில் போனோடு உட்கார்ந்துவிடுகிறான்.

வேண்டியது மூன்றுதான். பொறுப்பாக ஒரு வேலை. சரிக்குச் சரியாக உட்கார ஓர் ஆள். சாப்பாடு எத்தனை மணிக்கு, கிளம்புவது எத்தனை மணிக்கு என்ற தகவல். இந்த வயதில் வேடிக்கை காட்டினால் எரிச்சல்தான் வரும். வீட்டு நடப்பில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டால் அவர்களே கலந்துவிடுவார்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றித்தான் வருகின்றன.

"வரதுக்கு முன்னாடி போன்ல என்ன கேட்டு வச்சுக்கணும்?"

அம்மாவிடமோ அப்பாவிடமோ மூன்று விஷயங்கள்: எது ஒத்துக்கொள்ளாது (வேர்க்கடலை, முந்திரி, கத்திரிக்காய், பால்), இப்போது எதில் ஆர்வம், போன் விஷயத்தில் அவர்கள் வீட்டு வழக்கம் என்ன. "இப்போது" என்பதை அழுத்திக் கேளுங்கள். போன வருஷம் டைனோசர் பைத்தியமாக இருந்த பிள்ளைக்கு இந்த வருஷம் அதைப் பற்றிப் பேசினாலே வெட்கமாக இருக்கும்.

பிறகு போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஞாயித்துக்கிழமை உருளைக்கிழங்கு ரோஸ்ட்டா, சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டா? நீதான் சொல்லணும்." சொன்னதைச் செய்யுங்கள். பரிமாறும்போது "இது இவ கேட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எந்த கிளாஸ்னு கேட்டா ஒரே வார்த்தையில முடிஞ்சிடுது. அப்புறம் என்ன பேசறது?"

வகுப்பு, மார்க், ரேங்க், "பெரியவனாகி என்ன ஆகப் போறே" இவை நாலும் அன்றைக்கு வந்த எல்லாரும் கேட்கும் கேள்விகள். ஐந்தாவது ஆளாக நீங்களும் கேட்க வேண்டாம். பதில் தெரிந்தால் உங்களுக்கு உபயோகப்படும் கேள்வியைக் கேளுங்கள்: "இந்த போன்ல ஸ்டோரேஜ் ஃபுல்னு வருது, எதை அழிக்கலாம்?", "மெட்ரோல வந்தீங்களா? எங்க மாறினீங்க?" அவர்களுக்குத் தெரிந்ததை உங்களுக்குச் சொல்லித்தரும் வாய்ப்பு கிடைத்தால் பேச்சு தானாக நீளும்.

எல்லார் முன்னிலும் பாடச் சொல்வது, ஆடச் சொல்வது, "ஏன் இப்படி இளைச்சுட்டே", "கறுத்துட்டியே" என்பது எல்லாம் வேண்டாம். 12 வயதில் அந்த ஒரு வாக்கியம் மீதி நாள் முழுவதும் அறைக்கதவைச் சாத்த வைத்துவிடும். வேறு உறவினர் யாராவது ஆரம்பித்தால், "கொஞ்சம் இங்க வாடா, இலை எண்ணணும்" என்று வேலை சொல்லிக் கூப்பிட்டுவிடுங்கள். யாரையும் திருத்தப் போக வேண்டாம். பிள்ளை தப்பித்தால் போதும்.

"விருந்தாளி வீட்டுப் பிள்ளையை வேலை வாங்கறது மரியாதையா இருக்குமா?"

எடுபிடி வேலை வாங்கினால் மரியாதையில்லை. முழு வேலையை ஒப்படைத்தால் அது கௌரவம். "அந்தத் தட்டை எடு, இதைக் கொண்டு வா" என்று துண்டு துண்டாக ஏவுவது எடுபிடி. "இன்னிக்கு இலை உன் பொறுப்பு" என்பது ஒப்படைப்பது.

இலைப் பொறுப்பு இந்த வயதுக்குக் கச்சிதம். எத்தனை பேர், எத்தனை பந்தி என்று எண்ணுவது முதல் வேலை. இலையைத் துடைத்து, கிழிந்ததைத் தனியே ஒதுக்கி, நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் வருமாறு போட வேண்டும். போடும் முன் மின்விசிறியைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இலை பறக்கும். அடுத்து தண்ணீர் தம்ளர். பிறகு உப்பு, ஊறுகாய் இலையின் மேல்பக்கம் இடது ஓரத்தில். பச்சடி, கூட்டு, பொரியல் எந்த வரிசை என்பது வீட்டுக்கு வீடு மாறும். பாட்டியிடம் கேட்டுக்கொண்டு ஒரு காகிதத்தில் இலைப் படம் போட்டு வைத்துக்கொண்டால் பரிமாறும்போது குழப்பமில்லை. அப்பளமும் வடையும் அவர்கள் கையில் இருக்கட்டும். ஆளுக்கு இரண்டு அப்பளம், மறுசோற்றுக்கு இன்னொன்று என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள்.

கொதிக்கும் சாம்பார், ரசம், நெய் மூன்றையும் கொடுக்காதீர்கள். தரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குனிந்து ரசம் ஊற்றுவது பெரியவர்களுக்கே கை நடுங்கும் காரியம், பாத்திரம் சரிந்தால் உட்கார்ந்திருப்பவர் மடியில்தான் விழும். மோர் கொடுக்கலாம். இரண்டாம் பந்தியில் அவர்களை உட்கார வைத்து, நீங்கள் நின்று பரிமாறுங்கள். பரிமாறியவரைக் கடைசியில் தனியாகச் சாப்பிட விட்டால் அடுத்த தடவை அந்த வேலைக்கு வரமாட்டார்கள்.

"பொண்ணு வந்தா சமையலறைக்குக் கூப்பிடறோம், பையன்னா போய் விளையாடுன்னு சொல்றோம். இது சரியா?"

சரியில்லை. அந்த வயதுப் பெண் பிள்ளைகள் இதைத் துல்லியமாகக் கவனிக்கிறார்கள், பலர் வாயைத் திறந்து சொல்வதில்லை. இலைப் பொறுப்பை அண்ணனுக்கும் ஆட்டத்தின் கணக்கு எழுதுவதைத் தங்கைக்கும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பேர் வந்தால் இரண்டு பேருக்கும் ஒரு வேலை, ஒரு விளையாட்டு. இதில் விதிவிலக்கு வேண்டாம்.

"சாப்பாடு ரெண்டு மணி ஆயிடுது. அதுக்குள்ள பசியில முகம் தொங்கிப் போயிடுது."

எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, தாம்பரத்திலிருந்து அண்ணா நகர் வரை பயணம் செய்து வந்த பிள்ளைக்கு பன்னிரண்டு மணிக்கே வயிறு கேட்கும். "போர் அடிக்குது" என்று சொல்லும்போது பாதி நேரம் அது பசிதான். பதினொன்றரைக்கு ஒரு சின்னக் கிண்ணம் சுண்டலோ ஒரு வாழைப்பழமோ கொடுங்கள். முறுக்கும் மிக்சரும் கொடுத்தால் தாகம் எடுத்துத் தண்ணீரிலேயே வயிறு நிறைந்துவிடும்.

கூடவே நீர்மோர். அதையும் அவர்களையே கலக்கச் சொல்லலாம்: ஒரு தம்ளர் தயிருக்கு மூன்று தம்ளர் தண்ணீர், இஞ்சி ஒரு சின்னத் துண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு சிட்டிகைப் பெருங்காயம், உப்பு. இஞ்சியைத் தட்டிப் போட்டு வடிகட்டினால் நார் வாயில் சிக்காது.

"6 வயசுக் குட்டி, 13 வயசுப் பையன், மாமா, அத்தை எல்லாரும் சேர்ந்து ஆடற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

சீட்டுக்கட்டு வீட்டில் ஆகும் என்றால் "கழுதை" போதும். நாலு பேர் முதல் எட்டு பேர் வரை ஆடலாம், ஓர் ஆட்டம் இருபது நிமிஷம். 52 சீட்டையும் பங்கிட்டுவிட வேண்டும். ஸ்பேட் ஆஸ் வைத்திருப்பவர் அதை இறக்கி ஆரம்பிப்பார், எல்லாரும் ஸ்பேட் போட வேண்டும். போட்டதில் பெரிய சீட்டு யாருடையதோ அவர் அடுத்த சுற்றை ஆரம்பிப்பார், போட்ட சீட்டுகள் ஆட்டத்தை விட்டு வெளியே போகும். இறக்கிய இனம் ஒருவரிடம் இல்லையென்றால் அவர் வேறு இனத்தைப் போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்ததும் சுற்று நின்றுவிடும். அதுவரை அந்த இனத்தில் பெரிய சீட்டுப் போட்டவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, அடுத்த சுற்றையும் அவரே ஆரம்பிக்க வேண்டும். முதல் சுற்றில் மட்டும் வெட்டு கிடையாது. கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை.

6 வயசுக் குழந்தைக்கு 13 சீட்டைக் கையில் விரித்துப் பிடிக்க வராது. அதைப் பெரிய பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு பேரும் ஒரு கை என்று சேர்த்துவிடுங்கள். சீட்டே கூடாது என்னும் வீட்டில் பரமபதம் ஆடலாம், ஆனால் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பகடை விழுவதுதான் எல்லாம் என்பதால் பெரிய பிள்ளை இரண்டாவது ஆட்டத்தில் எழுந்துவிடும்.

"ரெண்டே பேர். வீட்ல போர்டு, கீர்டு எதுவும் கிடையாது."

ஆடு புலி ஆட்டம். சாக்பீஸ் ஒன்று, புளியங்கொட்டை 15, ரூபாய் நாணயம் மூன்று போதும். வரைவதில்தான் பலருக்குத் தகராறு, அதனால் அதை முழுதாகச் சொல்கிறோம். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் நாலு கோடுகள். அவற்றின் அடிகளைச் சேர்த்து ஒரு படுக்கைக் கோடு. உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவே மூன்று படுக்கைக் கோடுகள், இவை நாலு சாய்கோடுகளையும் வெட்டி இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீள வேண்டும். நீண்ட முனைகளை இடப்பக்கம் ஒரு நிமிர்கோட்டாலும் வலப்பக்கம் ஒரு நிமிர்கோட்டாலும் இணையுங்கள். இப்போது எண்ணுங்கள்: உச்சி 1, மூன்று நடுக்கோடுகளிலும் ஆறாறாக 18, அடியில் 4. மொத்தம் 23 வந்தால் வரைந்தது சரி.

மூன்று புலிகளில் ஒன்று உச்சியில், மற்ற இரண்டு அதற்குக் கீழ்க்கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டில். ஆடு வைத்திருப்பவர் முறைக்கு ஓர் ஆடாக 15-ஐயும் இறக்க வேண்டும், எல்லாம் இறங்கும்வரை ஆடு நகரக்கூடாது. புலி ஒவ்வொரு முறையும் கோடு வழியே ஒரு புள்ளி நகரும். பக்கத்தில் ஆடு இருந்து, அதற்கு நேர் பின்னால் காலியாக இருந்தால் தாண்டிக் கொல்லும். புலிகள் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பதில் வீட்டுக்கு வீடு வேறு கணக்கு. ஐந்து என்று முன்னாடியே பேசிக்கொண்டால் சண்டை இல்லை.

புதிதாக ஆடுகிறவர் ஆட்டை நடுவில் வைத்து வரிசையாக இழப்பார். ஓரப்புள்ளிகளை முதலில் நிரப்பச் சொல்லுங்கள். பின்னால் புள்ளி இல்லாத ஆட்டைப் புலியால் தாண்ட முடியாது. இந்த ஒரு ரகசியத்தை முதல் ஆட்டம் தோற்ற பிறகு சொல்லிக்கொடுப்பது நல்லது. அப்போதுதான் இரண்டாவது ஆட்டத்துக்கு ஆசை வரும்.

"கேரம் போர்டு பரண்ல கிடக்கு. எடுத்தா காயே ஓட மாட்டேங்குது."

சென்னை ஈரக்காற்றில் பலகை ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, மழை மாதங்களில் இன்னும் மோசம். ஈரத்துணியால் துடைத்தால் மேலும் கெடும். உலர்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்து, முதல் நாள் ராத்திரியே மின்விசிறிக்கு அடியில் நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் வைப்பதானால் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பலகை வளையும். பிறகு கேரம் பவுடர் ஒரு சிட்டிகை தூவிக் கையால் பரப்பினால் போதும்.

காய் 9 கறுப்பு, 9 வெள்ளை, 1 சிவப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே எண்ணுங்கள். ஒரு கறுப்பு தொலைந்திருந்தால் ஒரு வெள்ளையையும் எடுத்துவிட்டு எட்டுக்கு எட்டு ஆடலாம். கேரம் பவுடராக விற்பது பெரும்பாலும் போரிக் பவுடர். அது வயிற்றுக்குள் போகக்கூடாது. விரலை வாயில் வைக்கும் சின்னக் குழந்தை பக்கத்தில் வேண்டாம், சாப்பிட உட்காரும் முன் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

"செஸ் ஆடலாம்னு உட்கார்ந்தேன், பத்தே நிமிஷத்துல என்னை முடிச்சுட்டான். அவனுக்கு சுவாரசியமே இல்ல."

இந்த ஊரில் இது நடக்கும். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விசுவநாதன் ஆனந்தின் ஊர் இது. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது, 2024-இல் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் நிறைய. வருகிறவர் எந்த அளவில் ஆடுகிறார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சமமில்லாதபோது இரண்டு வழி. அவன் ராணி இல்லாமல் ஆடலாம். அல்லது போனில் செஸ் கடிகாரம் வைத்து உங்களுக்கு 10 நிமிஷம், அவனுக்கு 2 நிமிஷம் என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் நல்லது, காய்கள் முழுதாக இருக்கும், அவனுக்கும் வியர்க்கும். இன்னொன்று: வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள். 5 வயசுக்கு அது சரி. 12 வயசில் கண்டுபிடித்துவிடுவார்கள், அவமானமாக எடுத்துக்கொள்வார்கள்.

"போன் வேணாம்னா முறைக்கிறாங்க. கொடுத்தா தலையே நிமிர்றதில்ல. என்ன செய்ய?"

உங்கள் வீட்டில் புதுச் சட்டம் போடாதீர்கள். பெற்றோர் வழக்கம் என்னவோ அதுதான் (இதற்காகத்தான் முதலிலேயே கேட்டு வைக்கச் சொன்னோம்). இலையில் உட்கார்ந்திருக்கும்போது யார் கையிலும் போன் வேண்டாம் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது மாமாவுக்கும் பொருந்த வேண்டும். பெரியவர் ஒருவர் சாம்பார் சாதத்தோடு வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த விதி அங்கேயே செத்துவிட்டது.

பிடுங்குவதைவிட, போனுக்கு வேலை கொடுப்பது நடக்கிற காரியம். பழைய ஆல்பப் படங்களைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடும் வேலை இந்த வயதுக்கு அருமையானது. படத்தை ஜன்னல் ஓரம் மேஜைமேல் வைத்து, பிளாஷ் அணைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். டியூப்லைட்டுக்கு அடியில் எடுத்தால் படத்தின் பளபளப்பில் வெள்ளைப் பட்டை விழும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கக்கூடாது, மேல் படலம் கிழியும், பக்கத்தோடு எடுத்துக்கொள்ளலாம்.

"தாத்தா பாட்டியோட உட்காருன்னா அஞ்சு நிமிஷத்துல நெளியறாங்க."

"போய்ப் பேசு" என்றால் யாருக்குமே பேச வராது. மேலே சொன்ன ஆல்பத்தைக் கையில் கொடுத்து, "ஒவ்வொரு படத்திலும் யார் யார்னு கேட்டு எழுது" என்று அனுப்புங்கள். பெயர், உறவு, ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்று நாலு விவரம். தனியாக உள்ள படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயிண்ட் பேனா மறுபக்கம் தடம் பதிக்கும். பாட்டி சொல்வதைப் போனில் ஒலிப்பதிவும் செய்துகொள்ளட்டும், பாட்டியிடம் சொல்லிவிட்டு. இருபது படத்துக்கு ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போகும். இங்கே நாங்கள் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

"அமெரிக்காலேர்ந்து வந்திருக்கா. தமிழ் புரியும், பேச வராது."

பேச வைக்க முயல வேண்டாம், கையால் செய்யும் வேலையில் இறக்குங்கள். இலை போடுவது, ஆடு புலி, கேரம் மூன்றுக்கும் மொழி வேண்டியதில்லை. அவள் ஆங்கிலத்தில் சொன்னால் நீங்கள் எளிய தமிழில் பதில் சொல்லுங்கள், அவளுக்குப் புரிகிறது. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும் சித்தப்பாவை மட்டும் முன்னாடியே எச்சரித்து வையுங்கள். ஒருமுறை சிரித்துவிட்டால் அன்றைக்கு அடுத்த தமிழ் வார்த்தை வராது.

"பெரியவளை சின்னப் பசங்களைப் பார்த்துக்கச் சொல்லலாமா?"

அரை மணி நேரம், அவளே ஒத்துக்கொண்டால், பக்கத்து அறையில் பெரியவர் ஒருவர் இருந்தால். நாள் முழுக்க என்றால் அவளும் விருந்துக்கு வந்தவள் என்பதை மறந்துவிட்டோம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் இடத்தில் புளியங்கொட்டை, சோழி, நாணயம், பட்டன் பேட்டரி எதுவும் தரையில் இருக்கக்கூடாது, தொண்டையில் சிக்கும். தண்ணீர் நிறைந்த வாளி உள்ள குளியலறைக் கதவைத் தாழ் போட்டு வைப்பது உங்கள் வேலை, அவள் வேலையல்ல.

"வீட்டுக்குள்ளயே கையால ஏதாவது செய்யற மாதிரி, முடிவுல ஏதாவது கிடைக்கிற மாதிரி இருக்கா?"

தூக்கு ஐஸ்கிரீம். ஃப்ரீசரில் மூன்று நாலு தட்டு ஐஸ் முதல் நாளே போட்டு வைக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு கிலோ. இறுக்கமாக மூடும் சின்ன எவர்சில்வர் தூக்கில் கால் லிட்டர் முழுக்கொழுப்புப் பால், மூன்று மேஜைக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் ஏலக்காய்ப் பொடி. பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் குளிர வைத்திருக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் உடைத்த ஐஸும் கால் கிலோ கல் உப்பும் அடுக்கு அடுக்காகப் போட்டு, நடுவில் தூக்கைப் புதைத்து, பிடியைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெளிப்பக்கம் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததைக் கரண்டியால் சுரண்டிக் கலக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் கெட்டிப்படும்.

உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே உருகுகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பாலிலிருந்து இழுத்துக்கொள்கிறது, அதனால் பால் உறைகிறது. கெட்டியாகாமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்: பால் குளிராமல் போனது, உப்பு கம்மி, வெயில் அடிக்கும் பால்கனியில் செய்தது. உப்புக் கரித்தால், துடைக்காமல் மூடியைத் திறந்திருக்கிறார்கள். வெறும் கையால் அந்த ஐஸைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, தோல் புண்ணாகும், துண்டு வைத்துக்கொள்ளட்டும்.

"சாப்பிட்டதும் பெரியவங்க எல்லாம் படுத்துடறாங்க. ரெண்டரையிலேர்ந்து நாலரை வரைக்கும்தான் திண்டாட்டம்."

உண்மையில் அன்றைய நாளில் கடினமான பகுதி அதுதான். சத்தமில்லாத விளையாட்டு வேண்டும். பேர், ஊர், விலங்கு, பொருள் எழுதும் விளையாட்டு நல்லது. தமிழில் ஆடும்போது க, ச, த, ந, ப, ம, வ ஆகிய வரிசை எழுத்துகளையும் உயிரெழுத்துகளையும் மட்டும் எடுங்கள். ண, ள, ழ, ற, ன எடுத்தால் சொல் தொடங்காது, ஆட்டம் நின்றுவிடும். வேறு யாரும் எழுதாத சொல்லுக்கு 10, இருவர் எழுதியதற்கு 5. தாயம் இந்த நேரத்துக்கு ஏற்றது, ஒரு மணி நேரம் தாராளமாக ஓடும். ஆனால் தாயக்கட்டையைத் தரையில் உருட்டினால் தூங்குகிறவர் எழுந்துவிடுவார், கீழே ஒரு போர்வையை மடித்துப் போடுங்கள்.

சேர்ந்து ஆட ஆளில்லை என்றால், ஒரு ஜன்னல் ஓரம், ஒரு தலையணை, மூன்று நாலு புத்தகங்கள். எடுத்துத் தருவதைவிட அலமாரியைக் காட்டி, "எதை வேணா எடுத்துக்கோ" என்று சொல்வதுதான் வேலை செய்கிறது. போனில் படம் பார்க்க இந்த இரண்டு மணி நேரத்தை ஒதுக்குவதிலும் தவறில்லை, ஹெட்போன் மட்டும் இருக்கட்டும்.

"வெளிய அனுப்பலாமா? மொட்டை மாடி, கடை, பீச்சு?"

மதியம் மொட்டை மாடி வேண்டாம், ஏப்ரல், மே மாதங்களில் வெறுங்காலை வைத்தாலே சுடும். சாயங்காலம் போவதானால் கைப்பிடிச் சுவரில் ஏறுவது, தண்ணீர்த் தொட்டி மூடியில் நிற்பது இரண்டும் கூடாது என்று சொல்லி, பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். பட்டம் விட்டால் சாதாரண நூலில் மட்டும். மாஞ்சா நூலுக்குச் சென்னையில் தடை இருக்கிறது, வண்டியில் போனவர்கள் கழுத்து அறுபட்டு இறந்திருக்கிறார்கள். தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்க அனுப்புவது நல்ல வேலைதான், பெரிய சாலையைக் கடக்க வேண்டியதில்லை என்றால்.

கடற்கரைக்கு நாலரைக்கு முன் கிளம்ப வேண்டாம், மணல் ஆறியிருக்காது. நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும், ஜூன், ஜூலையில் ஆறரை தாண்டும், அதற்கேற்பக் கிளம்புங்கள். மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் அலையின் இழுப்பு பலம். கணுக்கால் நனைவதோடு நிறுத்துங்கள், நீச்சல் தெரிந்த பிள்ளையாக இருந்தாலும். முழு நாளும் தங்கும் பிள்ளை என்றால் காலையிலேயே எழும்பூர் அருங்காட்சியகம் போய்விட்டு வரலாம். அதற்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும்.

"எதுக்குமே வரமாட்டேங்கிறான். தனியா இருக்கேன்னு சொல்றான்."

இருக்கட்டும். இருபது பேர் ஒரே நேரத்தில் பேசும் ஹாலில் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தலை வலிக்கும். அறை ஒன்றைக் காட்டி, மின்விசிறி சுவிட்ச், சார்ஜர், தண்ணீர் எங்கே என்று சொல்லி, "ஒண்ணே முக்காலுக்குச் சாப்பாடு, அப்ப கூப்பிடறேன்" என்று நேரம் சொல்லிவிட்டு வாருங்கள். நடுவில் நாலு பேர் நாலு தடவை கதவைத் தட்டி "ஏன்டா இங்க உட்கார்ந்திருக்கே" என்று கேட்காமல் பார்த்துக்கொள்வதுதான் நீங்கள் செய்யும் பெரிய உதவி.

"அண்ணன் பொண்ணு வந்திருந்தப்ப பீரியட்ஸ் ஆயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லாம தவிச்சிருக்கா."

10 வயதுக்கு மேல் பெண் பிள்ளை வருகிறாள் என்றால் குளியலறை அலமாரியில் கண்ணில் படும்படி இரண்டு மூன்று நாப்கின், பழைய செய்தித்தாள், மூடியுள்ள குப்பைக்கூடை வைத்துவிடுங்கள். வந்ததும் வீட்டுப் பெண் ஒருவர் குளியலறையைக் காட்டும் சாக்கில், "வேண்டியதெல்லாம் இங்க இருக்கு, எதுன்னாலும் எங்கிட்ட சொல்லு" என்று ஒரு தடவை சொன்னால் போதும். தூரம், தீட்டு என்று பார்க்கும் வீடாக இருந்தாலும், வந்த பிள்ளையை ஓரமாக உட்கார வைத்து எல்லாருக்கும் தெரியும்படி செய்யாதீர்கள்.

"எங்க பையனும் அவங்க பையனும் ஒரே வயசு. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது."

ஒரே வயது என்பதாலேயே ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைப்பதுதான் தப்பு. எதிரெதிராக ஆடும் ஆட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். கேரமில் ஜோடியாக மாமாவுக்கு எதிரே ஆடட்டும், தூக்கு ஐஸ்கிரீமில் ஒருவன் திருப்ப ஒருவன் சுரண்டட்டும். உங்கள் பையனுடைய உயிரான பொருள் எது என்று முன்னாடியே கேட்டு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் சண்டை நிச்சயம். பெற்றோர் இரண்டு பேரும் மார்க்கை ஒப்பிடும் பேச்சை அன்றைக்குத் தொடவே கூடாது. பாதிப் பகை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"கிளம்பும்போது கையில என்ன கொடுக்கறது? சாக்லேட் வாங்கற வயசா இது?"

பணம் கொடுப்பது வழக்கமென்றால் கொடுங்கள், சின்னவர்களுக்குக் கொடுத்த அதே தொகையாக வேண்டாம், கொஞ்சம் கூட இருக்கட்டும். அவர்கள் பாதி படித்த புத்தகத்தைக் கொடுத்தனுப்பலாம், அடுத்த முறை கொண்டுவா என்று சொல்லி. சாப்பாடு கட்டிக் கொடுக்கும்போது அவர்கள் கேட்ட ரோஸ்ட்டைத் தனி டப்பாவில் போட்டு அவர்கள் கையிலேயே கொடுங்கள். எண்ணெய் கசியாமலிருக்க டப்பாவை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ரோஸ்ட் சூடாக இருந்தால் மூடியைச் சிறிது திறந்து ஆறவிட்டுப் பிறகு மூட வேண்டும், இல்லையென்றால் வீடு போய்ச் சேர்வதற்குள் வியர்த்து நமுத்துவிடும்.